காத்தாடிக்கு அம்மை போட்ட வருஷம்

மச்சான்,

நேற்று மீனுக்குத் தேய்க்க எலுமிச்சம்பழம் அறுத்துவிட்டுக் கத்தியைக் கழுவாமல் வைத்துவிட்டேன். இன்று காலையில் பார்த்தால் அறுத்த பாதிப் பழம் கத்தியின் மேலேயே கவிழ்ந்து கிடக்கிறது. எடுத்தேன். அடியில் வட்டமாக ஒரு கறுப்பு. துடைத்தாலும் போகவில்லை. நகத்தால் தடவினால், வழவழவென்று இருக்கவேண்டிய இரும்பு சொரசொரக்கிறது. புளிப்பும் இரும்பும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கத்தியைக் கழுவாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பக்கத்தில் டம்ளர் தண்ணீரில் என் பல்செட்டு கிடந்தது. "ஆள விட்டுட்டு பல்லு மட்டும் தனியா சிரிக்குது பாரு" என்று நீ கிண்டலடிப்பாயே, அதே பல்செட்டு. கல்யாண வீட்டில்கூடச் சிரிக்காத எனக்கு வாய் நிறையக் கட்டின பல் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நீ.

"இன்னும் என்னா கத்தியப் பாத்துக்கிட்டு? கோப்பி ஆறிப்போச்சு" என்று ராஜம் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். என் வீட்டுக்காரி இன்றைக்கும் இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால் அது உன்னால். அதனால்தான் கோப்பியைக் குடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாத கடிதம்.

பேய் பிசாசு விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு ஃபிட்டர்கள், இரண்டு பேருக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. கோடி லயத்து வரிசை வீட்டில் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று சொன்னவர்களிடம், "எலி கொலுசு போட்டிருக்கும் லா" என்று சொன்னவன் நீ. பிறகு நடந்ததற்கு நம் இரண்டு பேரையும் தேர்ந்தெடுத்தது யார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். கொழுந்து வாட்டும் மாடியின் கோடியில் நின்ற அந்தப் பெரிய காத்தாடியை நினைத்துப் பார். கீழே விறகு அடுப்பு. அதன் அனலை மேலே இழுத்து, தட்டுகளில் பரப்பிய கொழுந்தின்மீது வீசுவது அதன் வேலை. அடுப்புக்காரர் சின்னையா அண்ணன். மலையில் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கும்போது, அவர் ஒருவர் மட்டும் பனியனோடு வேர்த்து வடிந்துகொண்டிருப்பார். அவர் சம்சாரம் பொன்னம்மாக்கா தினமும் போத்தலில் எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்துவிடும். ஒருநாள் அண்ணன் காத்தாடிக்கு கிரீஸ் வைக்க மாடி ஏறினார். காத்தாடியைத் தாங்கிச் சுழலும் இரும்புத் தண்டு, அந்த ஷாஃப்ட், அந்த நேரம் பார்த்து முறிந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தண்டு, அதற்கு வயசாகியிருந்தது. அண்ணன் மாடியிலிருந்து நடந்து இறங்கவில்லை.

புது ஷாஃப்ட் போட்டோம். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். காத்தாடியை நிறுத்தினால் உடனே நின்றுவிடாது அல்லவா, சுற்றிச் சுற்றி ஓய்ந்து வரும். கடைசிச் சுற்றில், யாரோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "யப்பா..." என்று மூச்சுவிடுவதுபோல ஒரு சத்தம் வரும். சின்னையா அண்ணன் அடுப்பு வாயை மூடிவிட்டு நிமிரும்போது அப்படித்தான் சொல்வார். பெண்கள் கொழுந்தைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். "பேரிங்ல தூசி" என்று நீ சொன்னாய். நானும் அதையே சொன்னேன். பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினோம். சத்தம் போகவில்லை.

பொன்னம்மாக்காவுக்கு மட்டும் பயமே இல்லை. அதுவும் மாடியில் கொழுந்து பரப்புகிற ஆள்தான். வெள்ளிக்கிழமை காத்தாடி நின்றிருக்கும் நேரத்தில், ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவி, ஷாஃப்டின் பருமன் சிறுத்துப் பேரிங்குக்குள் நுழைகிற மூலையில் வைத்துப் பிழியும். இன்னொன்றை மஞ்சள் கயிற்றில் கோத்து அதே இடத்தில் இறுக்கிக் கட்டும். "அவருக்கு உஷ்ணம் தாங்காது தம்பி" என்று நம்மிடம் சொல்லும். நாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த ஷாஃப்டும் முறிந்தது. போட்ட கொஞ்ச காலத்திலேயே. மாடியில் கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த ராஜம் அப்போதுதான் தேத்தண்ணி குடிக்கக் கதவுப் பக்கம் போயிருந்தாள். அவள் தட்டின்மேல் கழற்றி வைத்திருந்த கம்பளித் துண்டு, பிறகு பார்க்கும்போது, சுவரில் நாராக ஒட்டிக்கிடந்தது. அந்தத் துண்டு இருந்த இடத்தில்தான் காலையிலிருந்து அவள் நின்றிருந்தாள். கையும் காலும் சரியாக இருக்கிறதா என்று அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்காத இடத்துக்குப் போய் அழுதேன். நீ பின்னாலேயே வந்து ரொக்கோ ஒன்றைப் பற்றவைத்து என் உதட்டில் வைத்தாய்.

பெண்கள் இனி மாடி ஏறமாட்டோம் என்றார்கள். சின்னையா கூப்பிடுகிறார் என்று லயத்தில் பேச்சு. புது ஷாஃப்ட் மாட்டிய பிறகும் ஏறாதவர்களுக்குப் பேர் வெட்டு, வேலை கிடையாது என்று துரை சொல்லிவிட்டார். ராஜம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ மாட்டுற ஷாஃப்டுக்குக் கீழதான் நான் நிக்கணும். ஒடையாதுன்னு உன் வாயால சொல்லு, போறேன்." நான் முறிந்த துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன்.

முறிந்த துண்டுகளை லோரியில் போட்டுக்கொண்டு ஈப்போவில் லேத் பட்டறை வைத்திருந்த அந்தச் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயிடம் போனோமே, அதை நினைக்கிறேன். மனுஷன் முறிந்த வாயைத் துணியால் துடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விளிம்பை விரலால் தடவினார். மூலை முழுக்க ஊசி குத்தினாற்போலச் சின்னச் சின்னக் குழிகள். ஒரு குழியிலிருந்து கிளம்பிய விரிசல்தான் உள்ளே போயிருந்தது. "ஆசாம்" என்றார். புளிப்பு. மலாயும் உடைந்த தமிழும் கலந்து, "யாரு இங்க புளி ஊத்துறான்? இரும்பைச் சாப்புடுது லா" என்றார். நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன்.

அவர்தான் வழியும் சொன்னார். புது ஷாஃப்டில் அந்த மூலையைக் கூராக விடாமல் வளைவாகக் கடைந்து கொடுத்தார். லேத் கீறல்கூடத் தெரியாதபடி எமரித் துணி போட்டு மெருகேற்றச் சொன்னார். அதற்குமேல் உருண்டைத் தலைச் சுத்தியலால் ஒரு புள்ளி விடாமல் மெல்லத் தட்டிக்கொண்டே வரவேண்டும். லோரி ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலைகளில் இரும்புக் குண்டுமணிகளை மழைபோல அடிப்பார்களாம், அதேதான் இது, கையால். எதற்கு என்று நான் கேட்டதற்கு, தன் விரலில் இருந்த வெட்டுக்காயத்தைக் காட்டி, இரண்டு பக்கத்துத் தோலையும் நெருக்கிப் பிடித்தார். காயத்தின் வாய் மூடிக்கொண்டது. "மேல்தோல் நெருக்கமா இருந்தா கீறல் வாயத் தொறக்காது" என்றார். நான் அன்றே அதை மறந்திருப்பேன். நீதான் பிறகு எதற்கெடுத்தாலும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

திரும்பி வரும்போது தாப்பா ரோட்டில் மூடுபனி. லோரி விளக்கு நாலடிக்கு மேல் போகவில்லை. "பொன்னம்மாக்காகிட்ட சொல்லிருவோம்" என்றேன்.

"என்னான்னு சொல்லுவ?"

"எலுமிச்சம்பழந்தான் ஒடைச்சுச்சுன்னு."

"அந்த அம்மா கையாலதான் ராஜத்துக்கு உயிர் போக இருந்துச்சுன்னு சொல்லு. நல்லா இருக்கும்" என்றாய். "புருஷன் செத்த எடத்துல அது செய்யிற ஒரே காரியம் அது. அதுதான் இரும்பத் தின்னுச்சுன்னு தெரிஞ்சா, அப்பறம் அது இருக்குமா?"

"அப்ப பழத்த என்னா பண்றது? மறுபடியும் கட்டுமே."

"மொதல்ல தட்டுவோம்" என்றாய்.

நம் தொழிற்சாலைப் பட்டறையில் ஷாஃப்டை இரண்டு மரக்கட்டைகளின்மேல் கிடத்தி நான் மெல்ல உருட்ட, நீ தட்டினாய். சுத்தியலின் உருண்டைத் தலையையே முதலில் கண்ணாடிபோல மெருகேற்றியிருந்தாய், அதில் கீறல் இருந்தால் அதுவும் இரும்பில் பதியும் என்று. ஒரே கனம், ஒரே தாளம். ஒரு தழும்பின் ஓரம் அடுத்த தழும்பின்மேல் ஏறவேண்டும், நடுவே ஊசி முனை இடம் விடக்கூடாது. கடிந்து பேசத் தெரியாத உன் கையில் அப்படி ஒரு அளவு இருந்தது. வெளியே பட்டப்பகலிலேயே பனி இறங்கி, பட்டறை வாசலில் நின்ற சில்வர் ஓக் மரம் மறைந்துவிட்டது. நீ ஒரு தட்டுத் தட்டினால், மேலே மாடியில் வெறும் கூடாகக் கிடந்த காத்தாடித் தகரத்திலிருந்து ஒரு தட்டு வந்தது.

"எதிரொலி" என்றேன்.

"தெரியும்" என்றாய்.

பிறகு நீ வேர்வையைத் துடைக்கச் சுத்தியலைக் கீழே வைத்தாய். மேலே இன்னும் ஒன்று கேட்டது. நீ துணியை முகத்திலிருந்து எடுக்காமலே நின்றாய். தகரம் குளிரில் சுருங்கும்போது அப்படிச் சத்தம் போடும் மச்சான், எனக்குத் தெரியும். அன்றும் அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் உரக்க.

வேலை முடிந்தபோது அந்த மூலை பளபளப்பை இழந்து, முத்து முத்தாக வடு விழுந்த தோலாக இருந்தது. மாட்டினோம். அங்கேதான் நாம் எதிர்பார்க்காத வினை வந்தது. பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி, "ஐயோ, அம்மைத் தழும்புடி!" என்றாள். அவ்வளவுதான். காத்தாடிக்கு ஆத்தா முத்துப் போட்டிருக்கிறாள் என்று லயம் பூராவும் பேச்சுப் பரவியது. மாடி ஏற மாட்டோம் என்றவர்களெல்லாம் இப்போது ஏறத் தயார். ஆனால் வெறுங்கையோடு இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் எலுமிச்சம்பழ மாலையுமாக வந்து நின்றார்கள். ஒரு பழம் தின்ற இரும்பை இனி ஒரு கூடைப் பழம் தின்னப் போகிறது. அதன் கீழே ராஜம் நிற்கப் போகிறாள். முன்னால் பொன்னம்மாக்கா, கையில் அறுத்த பழத்தோடு.

நான் வாயைத் திறந்துவிட்டேன். உண்மையைக் கொட்டியிருப்பேன். நீ என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு அக்காவின் முன்னால் போய் நின்றாய்.

"அக்கா, வேணாங்க்கா. அண்ணன் வேணாங்கிறாரு."

"யாரு?"

"அண்ணன்தான். இத தட்டிக்கிட்டு இருந்தப்ப சொன்னாரு." உனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். அன்றும் சிவந்தது. "பல்லு கூசுதாம். இனிமே போடவேணாமாம்."

பொன்னம்மாக்காவின் கையிலிருந்து பழம் விழுந்து தட்டுக்கு அடியில் உருண்டது. அக்கா அப்படியே கொழுந்துமேல் உட்கார்ந்துவிட்டது. "கோவமா சொன்னாரா?" என்று கேட்டது.

"இல்லக்கா. சிரிச்சுக்கிட்டுத்தான்."

அப்போதுதான் அது அழுதது. அழுதுகொண்டே சொன்னதை நாம் இரண்டு பேரும் கேட்டோம். அண்ணன் செத்த அன்று காலை எலுமிச்சைத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "பல்லு கூசுது, இனிமே போடாத" என்றாராம். "வேணாம்னா போ, இனிமே உனக்கு ஒரு சொட்டுக் கெடையாது" என்று இது கோபத்தில் சொன்னதாம். அதுதான் கடைசிப் பேச்சு. வீட்டுக்குள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது நடந்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சொட்டுக் கிடையாது என்று சொன்ன வாய்க்குப் பரிகாரமாகத்தான் அது வாராவாரம் பழம் பிழிந்துகொண்டிருந்தது.

நான் உன் முகத்தைப் பார்த்தேன். உன் காதில் சிவப்பு இல்லை. சாம்பல் பூத்த மாதிரி இருந்தாய்.

அதற்குப் பிறகு பழம் இல்லை. கதவு நிலையில் ஒரு செவ்வந்திச் சரம், அவ்வளவுதான். ராஜம் மாடி ஏறினாள். வருஷத்துக்கு ஒருமுறை காத்தாடியை நிறுத்தி, அந்த மூலையில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்குக்கட்டித் தூளைப் பூசிவிட்டுக் காத்திருப்போம். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு காட்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "பாத்துச் சொல்லு" என்பாய். ஒரு வருஷமும் கோடு வரவில்லை. ஓயும்போது வருகிற அந்த "யப்பா" மட்டும் கடைசிவரை வந்துகொண்டே இருந்தது.

பொய் சொல்லி நிம்மதியைக் கொடுத்தவன் நீ, நிம்மதி போனதும் உனக்குத்தான். காணாமல்போன மாட்டுக்கும் கூடிவராத கல்யாணத்துக்கும் உன் வாசலில் வந்து நின்றார்கள். "நான் ஃபிட்டர் லா, பூசாரி இல்ல" என்று விரட்டினாய். மாடிக்கு நீ தனியாகப் போகமாட்டாய்; நான் எங்கே இருந்தாலும் தேடி வந்து கூட்டிப்போவாய். மீன் பிடிக்கப் போனாலும், பிரிஞ்சாங் சந்தையில் நடந்தாலும், திடீரென்று நின்று கேட்பாய்.

"அந்த வார்த்த எனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"எலுமிச்சம்பழத்துக்குப் பல்லு கூசாம காதா கூசும்?" என்பேன். "யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பான்."

"நான் யோசிக்கல மச்சான். அண்ணனுக்குச் சளி, தடிமன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வேற வந்துச்சு."

எத்தனை தடவை கேட்டிருப்பாய். நானும் அதே பதிலைச் சொல்லி உன்னைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவேன். நீ சிரித்துவிட்டுப் போவதாகத்தான் அப்போது நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது தொண்டையில் குழாய். பேச்சில்லை. என் கையைப் பிடித்து உள்ளங்கையில் விரலால் தட்டினாய், அதே கனம், அதே தாளம். நான், "படுத்துக்கிட்டும் வேலையா? சும்மா கிட லா" என்றேன். மறுநாள் செய்தி வந்தது.

உன் கருமாதியன்று மழையும் பனியும். தன் மகனின் காய்கறி லோரியில் பிரிஞ்சாங்கிலிருந்து பொன்னம்மாக்கா வந்து இறங்கியது. தலை முழுக்க வெள்ளை. உன் படத்தின் முன்னால் செவ்வந்தி வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தது.

"தம்பி கடைசியா உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லுச்சா?"

குழாய் போட்டிருந்தது, ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். சாமி சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தேன், சாமி நம்பாதவன் செய்கிற சத்தியம் இது.

"குளிருதாம்க்கா. இப்பெல்லாம் நல்லா குளிருதாம். கம்பளி கேட்டாராம்" என்றேன்.

பொன்னம்மாக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நான் வருவதற்கு முந்தி ஒருநாள் அது ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னைப் பார்த்திருக்கிறது. எனக்குத் தெரியாது, நீயும் சொல்ல முடியாமல் போனாய். "அவருக்கு அங்க இன்னும் அனலாத்தான் இருக்கா, போயிக் கேட்டுச் சொல்லு தம்பி" என்று உன்னிடம் கேட்டிருக்கிறது. நீ தலையை ஆட்டியிருக்கிறாய்.

"சொன்னபடி கேட்டுச் சொல்லிருச்சு பாருங்க" என்று அழுதுகொண்டே சிரித்தது.

உன் சுத்தியலை உன் மகன் என்னிடம் கொடுத்துவிட்டான். துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். தலை இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதோடு உன் கேள்வியும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கேமரன் மலையில் ஒருவன் குளிருது என்று சொல்வதில் என்ன அதிசயம்? யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். நீ இருந்தால் இதை நீ எனக்குச் சொல்லியிருப்பாய், நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எவ்வளவு தனியாக இருந்திருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது மச்சான்.

ஒன்றை மட்டும் ராஜத்திடம்கூடச் சொல்லவில்லை. பொன்னம்மாக்காவிடம் அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் எனக்குப் பல் கூசியது, புளிப்பை அப்போதுதான் கடித்தவனுக்குக் கூசுவதுபோல, மேல்வரிசை முழுக்க. அன்று காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு இருப்பது கட்டின பல் என்பது உனக்குத் தெரியும்.